சாவி கைக்கு வரும்வரை பணம் யாரிடம்? விடுமுறை வீட்டு வாடகை மோசடிகள் நடக்கும் விதம்

விடுமுறை சீசன் தொடங்கியதும் ஒரே மாதிரியான செய்தி திரும்பத் திரும்ப வரும். ஒரு குடும்பம் பெட்டிகளோடு போய் இறங்கும். கதவைத் திறப்பவர், "இந்த வீட்டை நாங்கள் வாடகைக்கு விடுவதே இல்லையே" என்பார். சில சமயம் அந்த முகவரியில் வீடே இருக்காது, காலி மனைதான் இருக்கும். பணம் கட்டி இரண்டு மாதம் ஆகியிருக்கும். வாங்கியவரின் போன் அணைக்கப்பட்டிருக்கும்.

விசாரிக்காமலா பணம் கட்டினார்கள் என்று படிப்பவர்களுக்குத் தோன்றும். பெரும்பாலும் விசாரித்துத்தான் கட்டியிருப்பார்கள். படங்களைப் பார்த்திருப்பார்கள், விமர்சனங்களைப் படித்திருப்பார்கள், உரிமையாளர் என்று சொன்னவரிடம் பேசியும் இருப்பார்கள். ஆனால் அந்த விசாரணை முழுவதும் வீட்டைப் பற்றியதாகவே இருந்திருக்கும். மோசடி நடப்பதோ பணம் போகும் வழியில். அதனால் அந்த வழியை முதலில் புரிந்துகொள்வோம்.

## இந்த வாடகையில் மட்டும் என்ன ஆபத்து?

வழக்கமாக வீடு வாடகைக்கு எடுப்பவர் நேரில் போய்ப் பார்ப்பார், அக்கம்பக்கத்தில் கேட்பார், சாவியை வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுப்பார். விடுமுறை வீட்டில் இந்த வரிசை தலைகீழாகிறது.

1. வீட்டைப் பார்க்காமலே பணம் கட்டுகிறோம். நாம் பார்ப்பதெல்லாம் படங்கள்தான். படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம்.

2. பணம் கட்டும் நாளுக்கும் சாவி வாங்கும் நாளுக்கும் இடையே வாரங்களோ மாதங்களோ இருக்கின்றன. அவ்வளவு நாளும் ஏமாந்தது நமக்குத் தெரியாது. தெரியவரும்போது மோசடிக்காரர் கணக்கைக் காலி செய்துவிட்டுப் போயிருப்பார்.

3. சீசனில் வீடுகள் உண்மையிலேயே சீக்கிரம் போய்விடும். "இன்று மாலைக்குள் சொல்லுங்கள், இன்னொருவர் காத்திருக்கிறார்" என்பதை நேர்மையான உரிமையாளரும் சொல்வார், ஏமாற்றுபவரும் சொல்வார். அதனால் அவசரப்படுத்துவதை மட்டும் வைத்து யாரையும் சந்தேகிக்கவும் முடியாது, நம்பவும் முடியாது.

ஒரு வாரத்துக்கு எடுப்பதைவிட, ஒரு சீசன் முழுவதற்கும் எடுப்பதில் ஆபத்து அதிகம். தொகை பெரியது. வாடகை இணையதளத்தின் கட்டணத்தை மிச்சப்படுத்த இரு தரப்பும் அந்தத் தளத்தை விட்டு நேரடியாகப் பேசிக்கொள்வதும் இதில் சகஜம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் இப்படிப் பெரிய தொகை கைமாறுவது எனக்குக் கவலை தருகிறது.

## இரண்டு வகைத் தளங்கள்

எல்லா வாடகைத் தளங்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. இந்த வேறுபாடு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதல் வகை வெறும் விளம்பரப் பலகை. வீட்டின் படத்தையும் தொடர்பு எண்ணையும் போடலாம், அவ்வளவுதான். பணத்தில் தளத்துக்குப் பங்கில்லை, பொறுப்பும் இல்லை. கிரெய்க்ஸ்லிஸ்ட் இப்படிப்பட்டது. சமூக ஊடகக் குழுக்களில் வரும் வாடகை விளம்பரங்களும் இதே வகைதான். 1995-ல் தொடங்கிய விர்போவும் ஆரம்பத்தில் உரிமையாளர்கள் விளம்பரம் செய்யும் இடமாகவே இருந்தது. பணப் பரிமாற்றம் தளத்துக்குள் வந்தது பிற்பாடுதான்.

இரண்டாவது வகை, பணத்தையும் கையாளும் தளம். 2008-ல் தொடங்கிய ஏர்பிஎன்பி இதற்கு நல்ல உதாரணம். விருந்தினர் கட்டும் பணம் உடனே வீட்டுக்காரருக்குப் போவதில்லை. பொதுவாக, தங்கத் தொடங்க வேண்டிய நேரத்திலிருந்து சுமார் 24 மணி நேரம் கழித்துத்தான் தளம் அதை விடுவிக்கிறது. இந்த இடைவெளிதான் பாதுகாப்பு. போய்ப் பார்த்தால் வீடு இல்லை என்றால், பணம் இன்னும் நடுவில் இருப்பவரிடம் இருக்கிறது.

புக்கிங் டாட் காம் போன்ற தளங்களில் இரண்டும் கலந்து வரும். சில பதிவுகளுக்குத் தளமே பணம் வாங்கும், சிலவற்றுக்கு விடுதி நேரடியாக வாங்கும். அதனால் தளத்தின் பெயரைப் பார்த்து நிம்மதி அடையாமல், இந்தப் பதிவுக்குப் பணம் யாரிடம் போகிறது, எப்போது போகிறது என்று உறுதிப்படுத்தும் பக்கத்திலேயே படித்துப் பார்க்க வேண்டும்.

## மோசடியின் வடிவங்கள்

1. இரவல் வீடு. விற்பனைக்கு வந்த வீட்டின் படங்களையோ வேறொருவரின் வாடகை விளம்பரத்தையோ அப்படியே நகல் எடுத்து, குறைந்த வாடகையில் வேறு தளத்தில் போடுவார்கள். வீடு நிஜம், முகவரி நிஜம், வரைபடத்தில் பார்த்தாலும் பொருந்தும். விளம்பரம் போட்டவருக்கு மட்டும் அந்த வீட்டோடு எந்தச் சம்பந்தமும் இருக்காது. வீடு இருக்கிறது என்று உறுதியானதும் பலரும் விசாரணையை நிறுத்திவிடுகிறார்கள். இந்த வகை பலிப்பது அதனால்தான்.

2. தளத்துக்கு வெளியே இழுப்பது. விளம்பரம் பெரிய தளத்தில்தான் இருக்கும். பேச்சு தொடங்கியதும், "வாட்ஸ்அப்பில் வாருங்கள், நேரடியாக அனுப்பினால் தளத்துக் கட்டணம் மிச்சம்" என்பார்கள். வெளியே கட்டிய பணத்துக்கு எந்தத் தளமும் பொறுப்பேற்காது. ஏர்பிஎன்பியின் விதிகள் வெளியே பணம் கேட்பதையே தடை செய்கின்றன. எனவே இந்தக் கோரிக்கை வந்த அந்த நிமிடமே பேச்சை முடித்துக்கொள்ளலாம், காரணம் எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும்.

3. போலித் தளம். உண்மையான தளத்தின் நிறம், சின்னம், பட்டன்கள் எல்லாவற்றையும் நகலெடுத்த பக்கம். வீட்டுக்காரர் அனுப்பும் லிங்க் வழியாகவே பெரும்பாலும் அங்கே போய்ச் சேருவோம். இதை அடையாளம் காணும் முறை கீழே வருகிறது.

4. உரிமை இல்லாதவர் விடுவது. வாடகைக்குக் குடியிருப்பவர், உரிமையாளருக்குத் தெரியாமல் அதே வீட்டைப் பயணிகளுக்கு விடுவது. சாவி கிடைக்கும், தங்கவும் முடியும். ஆனால் நடுவில் யாராவது வந்து வெளியேறச் சொன்னால் நம் கையில் ஒரு ஆதாரமும் இருக்காது.

5. கடைசி நேர மாற்றம். போய்ச் சேரும் நாளில், "குழாய் உடைந்துவிட்டது, இன்னொரு வீடு தருகிறேன்" என்று மோசமான இடத்துக்கு மாற்றுவது. 2019 அக்டோபரில் ஏர்பிஎன்பியில் இப்படி நடந்த ஒரு தொடர் மோசடி பத்திரிகைச் செய்தியானது. அடுத்த மாதமே, 2020 டிசம்பர் 15-க்குள் எல்லா விளம்பரங்களையும் சரிபார்ப்பதாக அந்த நிறுவனம் அறிவித்தது. அது ஒரே வீச்சில் முடிகிற வேலை இல்லை என்பது பிறகு தெரிந்தது. 2023-ல் மட்டும் செப்டம்பர் வரை 59,000 போலி விளம்பரங்களை நீக்கியதாகவும், 1,57,000 விளம்பரங்களை உள்ளே வரவிடாமல் தடுத்ததாகவும் அதே நிறுவனம் சொன்னது. இவ்வளவு வடிகட்டியும் உள்ளே நுழைவன இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

## உண்மையான புக்கிங்குக்குள் நுழையும் மோசடி

அண்மை ஆண்டுகளில் பலரையும் குழப்பியது இந்த வகைதான். இதில் வீடு உண்மை, உரிமையாளர் உண்மை, தளம் உண்மை, புக்கிங்கும் உண்மை. அப்புறம் எங்கே ஏமாற்று?

படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படியில் குறி வைக்கப்படுவது வாடிக்கையாளர் அல்லர், விடுதியின் ஊழியர். விருந்தினரின் புகார் போலவோ, தளத்திலிருந்து வரும் அறிவிப்பு போலவோ ஒரு மின்னஞ்சல் வரும். லிங்க்கைத் திறந்தால், "நீங்கள் மனிதர்தான் என்று உறுதி செய்யுங்கள்" என்று ஒரு பக்கம். அது சொல்கிறபடி கணினியில் இரண்டு மூன்று விசைகளை அழுத்தி ஒட்டினால், கடவுச்சொற்களைத் திருடும் நிரல் உள்ளே இறங்கிவிடும். புக்கிங் டாட் காம் பெயரில் நடந்த இப்படி ஒரு தாக்குதலை மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் விவரமாக வெளியிட்டது. அது 2024 டிசம்பரில் தொடங்கியதாக அந்த அறிக்கை சொல்கிறது.

அடுத்து, திருடிய கடவுச்சொல்லோடு விடுதியின் கணக்குக்குள் போகிறார்கள். யார் எந்தத் தேதியில் வருகிறார்கள், எவ்வளவு கட்ட வேண்டும், தொடர்பு எண் என்ன என்று எல்லாம் அங்கே இருக்கிறது.

மூன்றாவது படியில்தான் நமக்குச் செய்தி வருகிறது. தளத்தின் சொந்த ஆப்பில், விடுதியுடன் நாம் ஏற்கெனவே பேசிய அதே உரையாடலில் வருகிறது. "உங்கள் கார்டைச் சரிபார்க்க முடியவில்லை. 24 மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கில் உறுதி செய்யாவிட்டால் புக்கிங் ரத்தாகும்." பெயர் சரி, தேதி சரி, தொகையும் சரி. யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

இங்கே ஏமாந்தவர்களைக் கவனக்குறைவானவர்கள் என்று சொல்வது நியாயமே இல்லை. அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வருவதை நம்பாதே என்றுதான் எல்லோரும் சொல்லிக் கொடுத்தோம். இது அறிமுகமான இடத்திலிருந்தே வருகிறது.

இதற்கு வேலை செய்யும் தற்காப்பு ஒன்றுதான். செய்தி எங்கிருந்து வந்தாலும் அதிலுள்ள லிங்க்கில் பணமோ கார்டு எண்ணோ கொடுக்கக் கூடாது. ஆப்பை நாமே திறந்து, நம் புக்கிங் பக்கத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பணம் உண்மையிலேயே பாக்கி இருந்தால் அங்கே காட்டும். அங்கே ஒன்றும் இல்லையென்றால், தளத்தின் உதவி மையத்தை அழைத்துக் கேட்க வேண்டும். வந்த செய்தியில் இருக்கும் எண்ணை அதற்குப் பயன்படுத்தக் கூடாது.

## பணம் கட்டும் வழியும் அது தரும் பாதுகாப்பும்

ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: போன பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

1. கிரெடிட் கார்டு. சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்கும் முறைக்கு சார்ஜ்பேக் என்று பெயர். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் கெடு. சேவையே கிடைக்கவில்லை என்ற புகாரில், அந்தக் கெடு பணம் கட்டிய நாளிலிருந்து இல்லாமல் சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணப்படும். மாதக்கணக்கில் முன்னதாகவே புக்கிங் செய்பவர்களுக்கு இது மிக முக்கியம். உங்கள் வங்கி இதைவிடக் குறைந்த கெடு வைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2. டெபிட் கார்டு. இதிலும் புகார் செய்ய வழியுண்டு. ஆனால் போவது நம் கணக்கிலிருக்கும் பணம். விசாரணை முடியும்வரை அது கையில் இருக்காது.

3. பேபால். பொருள், சேவை என்ற பிரிவில் அனுப்பினால் வாங்குபவர் பாதுகாப்பு உண்டு. நண்பர்கள், குடும்பம் என்ற பிரிவில் அனுப்பினால் இல்லை. "கட்டணம் குறையும், நண்பர் என்று போட்டு அனுப்புங்கள்" என்று கேட்பவர், அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்.

4. வங்கிப் பரிமாற்றம், உடனடிப் பண ஆப்கள். நாமே உத்தரவிட்டு அனுப்பிய பணம் என்பதால் திரும்பப் பெறுவது கடினம். பெறுபவர் உடனே வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால் இன்னும் கடினம்.

5. கிரிப்டோ, கிஃப்ட் கார்டு எண்கள். போனது போனதுதான். வீட்டு வாடகையை கிஃப்ட் கார்டில் கேட்கும் உரிமையாளர் கிடையாது. இதைக் கேட்டால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

நேரடி உரிமையாளருக்கு வங்கி வழியாகத்தான் அனுப்பியாக வேண்டும் என்றால், முழுத்தொகையை முன்கூட்டியே தராதீர்கள். சிறு முன்பணம், மீதி சாவி வாங்கும்போது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். கணக்கில் இருக்கும் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "என் மைத்துனர் கணக்குக்கு அனுப்புங்கள்" என்றால் நின்று கேள்வி கேளுங்கள்.

## பணம் கட்டும் முன் சரிபார்ப்பது

எல்லாச் சோதனைகளுக்கும் ஒரே பலம் கிடையாது. எது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

படங்களைத் தேடிப் பார்ப்பது முதல் வேலை. கூகுள் லென்ஸ், டின்ஐ போன்றவற்றில் படத்தைக் கொடுத்தால் அது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். அதே வீடு வேறு பெயரில், வேறு ஊரில், வேறு வாடகையில் இருந்தால் விஷயம் முடிந்தது. எதுவும் கிடைக்காவிட்டால் வீடு உண்மை என்று ஆகிவிடாது. இப்போது படத்தைக் கணினியே உருவாக்கித் தருகிறது. அப்படிப்பட்ட படங்களில் ஒரே அறையின் ஜன்னல் ஒரு படத்தில் ஒரு பக்கமும் இன்னொன்றில் வேறு பக்கமும் இருக்கலாம். அறைகளை ஒன்றோடொன்று இணைத்து மனதுக்குள் ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். இணையவில்லை என்றால் கேளுங்கள்.

அதைவிடப் பலமான சோதனை நேரலை வீடியோ அழைப்பு. தெருவில் நின்று வீட்டு எண்ணைக் காட்டி, சாவியால் கதவைத் திறந்து உள்ளே நடந்துவரச் சொல்லுங்கள். நீங்கள் அப்போது கேட்கும் ஒரு அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முன்பே எடுத்த வீடியோவால் இதைச் செய்ய முடியாது. இரவல் வீட்டு மோசடிக்காரரிடம் சாவி இருக்காது என்பதால் அவர் இங்கேயே நழுவிவிடுவார். ஆனால் உரிமையில்லாமல் உள்வாடகைக்கு விடுபவரிடம் சாவி இருக்கும். அவரை இந்தச் சோதனை பிடிக்காது. அதற்கு, வீட்டை விடும் உரிமைக்கு என்ன ஆதாரம் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

பல நகரங்களில் குறுகிய கால வாடகைக்குப் பதிவு எண் கட்டாயம். நியூயார்க் 2023 செப்டம்பரிலிருந்து இதைக் கண்டிப்பாக அமல்படுத்துகிறது. போகும் ஊரில் அப்படி ஒரு விதி இருந்தால் எண்ணைக் கேட்டு, உள்ளூர் நிர்வாகத்தின் பட்டியலில் அதே முகவரிக்கு அதே எண்தான் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, அதையும் நகலெடுக்கலாம்.

இணைய முகவரியைப் படிக்கும் முறையையும் சொல்ல வேண்டும். முகவரியில் முதல் தனிச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக வரும் பகுதிதான் தளத்தின் உண்மையான பெயர். பிரபல தளத்தின் பெயர் தொடக்கத்தில் இருந்து, கடைசியில் வேறு ஏதோ பெயர் இருந்தால் அது அந்த வேறு பெயருக்குச் சொந்தமான தளம். முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுச் சின்னத்தை நம்ப வேண்டாம். தகவல் நடுவழியில் படிக்கப்படாமல் போகிறது என்று மட்டுமே அது சொல்லும்; போய்ச் சேரும் இடம் நல்லவரிடமா என்று சொல்லாது. போலித் தளமும் இலவசமாகவே அந்தப் பூட்டை வாங்கலாம். 2021-ல் கூகுள் நடத்திய ஆய்வில் அதன் பொருளைச் சரியாகச் சொன்னவர்கள் 11 சதவீதம் பேர்தான். 2023-ல் குரோம் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

விமர்சனங்களில் நட்சத்திர எண்ணிக்கையைவிடத் தேதிகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே வாரத்தில் வந்திருந்தால், எந்த அறையைப் பற்றியும் குறிப்பாக எதுவும் இல்லாமல் "அருமை, மீண்டும் வருவோம்" என்று மட்டும் இருந்தால், அவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். விமர்சனமே இல்லாத புது விளம்பரம் மோசடி என்று அர்த்தமில்லை. எல்லோரும் ஒருநாள் தொடங்கத்தான் வேண்டும். அதைத் தளத்துக்குள் பணம் கட்டி மட்டும் எடுங்கள்.

## போய்ச் சேர்ந்த பிறகு

உள்ளே நுழைந்ததும், பெட்டியைத் திறக்கும் முன், எல்லா அறைகளையும் போனில் ஒரு சுற்று வீடியோ எடுங்கள். கிளம்பும் நாளிலும் இன்னொரு முறை. வாடகை முடிந்த பிறகு "மேசை உடைந்துவிட்டது" என்று டெபாசிட்டைப் பிடிப்பதோ கூடுதல் பணம் கேட்பதோ நடக்கும். 2025-ல் ஒரு விருந்தினர்மீது இப்படிச் சேதப் புகார் வந்தது. ஆதாரமாகக் கொடுத்த படங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அவை திருத்தப்பட்டவை என்று அவர் வாதாடினார். கடைசியில் ஏர்பிஎன்பி மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது.

வீடு விளம்பரத்தில் இருந்தபடி இல்லை என்றால், வீட்டுக்காரரிடம் வாய்மொழியாகப் பேசி நாளைக் கடத்த வேண்டாம். தளத்துக்குள்ளேயே எழுதுங்கள். ஏர்பிஎன்பி விதிப்படி பிரச்சினை தெரிந்த 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். வேறு வீட்டுக்கு மாறச் சொன்னால், புக்கிங்கைத் தளத்தின் வழியாக மாற்றித் தரும்வரை ஒப்புக்கொள்ளாதீர்கள்; முதல் புக்கிங்கை நீங்களாக ரத்து செய்யவும் செய்யாதீர்கள். நாமாக ரத்து செய்தால் ரீஃபண்ட் அந்தப் புக்கிங்கின் ரத்து விதிப்படிதான் வரும்.

## ஏமாந்துவிட்டால்

வரிசை முக்கியம். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

1. முதலில் வங்கி. கார்டு எண் கொடுத்திருந்தால் கார்டை முடக்குங்கள். பணம் அனுப்பியிருந்தால் நிறுத்தவோ திரும்ப அழைக்கவோ முடியுமா என்று கேளுங்கள். பெற்றவரின் கணக்கில் பணம் இன்னும் இருந்தால் அதை முடக்க வாய்ப்புண்டு.

2. அடுத்து தளம். விளம்பரம் இன்னும் இருந்தால் நீக்கப்படும் முன்பே முழுப் பக்கத்தையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். உரையாடல்கள், ரசீதுகள், கணக்கு எண்கள், லிங்க்குகள் எதையும் அழிக்காதீர்கள்.

3. பிறகு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவு. சார்ஜ்பேக் கேட்கும்போதும் காப்பீடு கேட்கும்போதும் புகார் எண் உதவும்.

4. மோசடிச் செய்தியில் வந்த லிங்க்கில் கடவுச்சொல் கொடுத்திருந்தால் மாற்றுங்கள். அதே கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கும் மாற்றுங்கள்.

இதற்கெல்லாம் பிறகு ஒரு போன் வரலாம். வழக்கறிஞர் என்றோ, பணமீட்பு நிறுவனம் என்றோ, சில சமயம் காவல்துறை என்றோ சொல்வார்கள். எவ்வளவு இழந்தீர்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், விடுவிக்க ஒரு சிறு கட்டணம் மட்டும் கட்ட வேண்டும் என்பார்கள். ஏமாந்தவர்களின் பட்டியல்கள் மோசடிக்காரர்களிடையே விற்கப்படுகின்றன. முதல் முறை ஏமாற்றிய அதே கும்பலே மறுபடியும் பேசுவதும் உண்டு. வங்கியோ காவல்துறையோ இழந்த பணத்தை மீட்டுத்தர முன்கட்டணம் கேட்பதில்லை. போனை வைத்துவிட்டு, அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.